ஓடாத படத்துக்கு ஹவுஸ்ஃபுல்

"ஏனுங்க செவ்வந்தி, ஹவுஸ்ஃபுல் போர்டைப் பாத்தீங்களா?"

"எந்த போர்டுங்க?"

"நம்ம தியேட்டர்ல எத்தனை போர்டு இருக்குது? செவப்புல எழுதினது. கேட்டுல தொங்கப் போடறது."

கேன்டீன் செவ்வந்தி போண்டா மாவுப் பாத்திரத்தின் மேலிருந்த தகரத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுங்களா? ரெண்டு வருசமா மாவுக்கு மூடியா இருக்குது. எழுத்து உள்பக்கம் இருந்துச்சு, நான் எங்க கண்டேன்?"

சூலூர் தனபாக்கியம் தியேட்டரின் மேனேஜர் கதிரேசன் தன் கைக்குட்டையால் மாவைத் துடைத்தார். 'ஹவுஸ்' மட்டும் வந்தது. 'ஃபுல்' காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே கொண்டுபோய் மாட்டினார்.

ஆவணி பிறந்து இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, மாலைக் காட்சி. இருநூற்றெண்பது நாற்காலியும் நிறைந்துவிட்டது. இதில் சந்தோஷப்பட வேண்டியவர் கதிரேசன்தான். ஆனால் அவர் டிக்கெட் கட்டையை இரண்டாம் முறை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் படம் அப்படி.

படத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம். எடுத்தவர் பாவம், தோட்டத்தை விற்று எடுத்தாராம். கதாநாயகன் கடலைப் பார்த்து யோசிப்பான். கதாநாயகி அவனைப் பார்த்து யோசிப்பாள். இடைவேளைக்குப் பிறகு இருவரும் இடம் மாறி உட்கார்ந்து யோசிப்பார்கள். அன்று மதியக் காட்சிக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஏழு பேரைத் தட்டி எழுப்பித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"மதியம் பதினொண்ணு, சாயந்தரம் இருநூத்தி எம்பது. இது எப்படீங்க மேனேஜர்?" என்று கேட்டார் யூனுஸ். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். படத்தை விநியோகித்த கம்பெனி, டிக்கெட்டை எண்ணிப் பார்க்கவும் சனம் என்ன பேசுகிறது என்று கேட்டுச் சொல்லவும் அனுப்பிய ஆள்.

"எனக்கும் தெரியலீங்க பாய்."

"டவுன்ல ரெண்டு தியேட்டர்லயும் காத்தாடுது. இங்க மட்டும் நெறையுதுன்னு போன்ல சொன்னா, எங்க முதலாளி என்னைச் சந்தேகப்படுவாரு."

"நெறைஞ்சா நல்லதுதானுங்களே. எனக்கு இந்த மூணு நாள்தான் கெடு."

கெடு வைத்தவர் தியேட்டர் முதலாளி ரங்கம்மாள். ஊருக்குள் கேபிள் டிவி வந்ததிலிருந்து தியேட்டர் ஈயோட்டிக் கொண்டிருந்தது. நூல் வியாபாரி ஒருவர் குடோனுக்குக் கேட்டார். "வெள்ளி, சனி, ஞாயிறு பாப்பேன். கூட்டம் வந்தா தியேட்டர். இல்லீன்னா திங்கக்கிழமை காலைல சாவியைக் குடுத்துப்போடுவேன்" என்று சொல்லியிருந்தார் ரங்கம்மாள். கதிரேசனுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் இந்தக் கட்டடத்தில் கழிந்துவிட்டது. வேறு வேலை தெரியாது.

காட்சி முடிந்து கூட்டம் வெளியே வந்தது. எல்லோரும் பட்டுப் புடவை, சலவை வேட்டி. கதிரேசனும் யூனுஸும் வாசலின் இரண்டு பக்கமும் நின்று கொண்டார்கள்.

"படம் எப்படீங்க இருந்துச்சு?"

"ம்... இருந்துச்சுங்க" என்றார் ஒரு பெரியவர்.

இந்தப் பக்கத்துச் சனம் எதையும் மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்லாது. 'பரவாயில்லீங்க' என்றால் சுமார். 'இருந்துச்சுங்க' என்றால் தேறாது.

"கதை?"

"கதைய நாங்க எங்கீங்க பாத்தோம்."

"நடிப்பு?"

"யாரு நடிச்சதுங்க?"

யூனுஸ் குறுக்கே வந்தார். "அப்ப மத்தவங்ககிட்ட பாக்க வேண்டாம்னு சொல்லிப்போடுவீங்களா?"

"அதெப்படீங்க. நாளைக்கு எங்க அக்கா ஊட்டுக்காரங்க நாப்பது பேரு வாராங்க. இங்கியே வாங்கன்னு நாந்தான் சொன்னேன். வெளிச்சம் நல்லா இருக்குதுங்க."

யூனுஸ் சிட்டையில் எழுதிக்கொண்டார். பிறகு அதைக் கதிரேசனிடம் காட்டினார். 'கதை தெரியவில்லை. நடித்தவர் தெரியவில்லை. வெளிச்சம் நன்று. நாளை நாற்பது பேர்.'

"இதை எப்படீங்க நான் ஆபீசுல சொல்றது?"

"சொல்லாதீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு ஒண்ணும் பயமில்லீங்க. ஞாயித்துக்கிழமைதான். படம் இழுவைன்னு பேச்சுப் பரவிருச்சுன்னா ஒரு ஆளு வரமாட்டான். இப்பவே எதையாச்சும் செய்யணும்."

செய்தார்கள். சனிக்கிழமை காலை ஆப்பரேட்டர் மயில்சாமியிடம் கத்திரிக்கோலைக் கொடுத்தார் கதிரேசன்.

"மயில்சாமி, கடலைக் கொஞ்சம் வெட்டிப்போடு."

"எந்தக் கடலைங்க? காலைக் கடலா, சாயந்தரக் கடலா?"

"ரெண்டுலயும் பாதிப்பாதி."

முப்பத்தைந்து நிமிடக் கடல் கூடைக்குப் போனது. மதியக் காட்சிக்கும் நிறைந்த கூட்டம். அந்தப் பெரியவரின் அக்காள் வீட்டார் சொன்னபடி நாற்பது பேர் வந்திருந்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டால் ஒருவரும் எழவில்லை.

"முடிஞ்சுருச்சுங்க" என்றார் கதிரேசன்.

"அதுக்குள்ளயா? நேத்து வந்தவங்களுக்கு மூணு மணி நேரம் ஓட்டுனீங்களாமே" என்றாள் மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள்.

"அந்த இழுவையெல்லாம் எடுத்துப்போட்டோமுங்க."

"உங்களை யாரு எடுக்கச் சொன்னா? இப்பத்தான் கொஞ்சம் பேச ஆரம்பிச்சோம்."

"படம் ஓடறப்பவா பேசுனீங்க?"

"பின்ன, படம் ஓடாதப்ப எதுக்குங்க தியேட்டருக்கு வாரோம்?"

கதிரேசன் கேன்டீனுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார்.

"டம்ளர் ஒண்ணு கூட மிச்சமில்லீங்க" என்றாள் செவ்வந்தி. "ஒரு வரிசைக்காரங்க முன்னால இருக்கற வரிசைக்கே இருவது காபி வாங்கிக் குடுக்கறாங்க. அவிங்க வேண்டாம்ங்கறாங்க, இவிங்க விடமாட்டேங்கறாங்க. இந்த மாதிரி மரியாதையான சனத்தை நான் இந்தத் தியேட்டர்ல கண்டதில்லீங்க."

மாலைக் காட்சிக்கு முன்னால் இன்னொரு தலைவலி. மஞ்சள் பையும் கையுமாக ஓர் ஆள் கவுன்டரில் நின்று ஒரே சமயத்தில் எண்பது டிக்கெட் கேட்டார். அதுவும் முன்வரிசை நாற்பது, அதற்கு நேர் பின்வரிசை நாற்பது.

யூனுஸ் கதிரேசனின் தோளைத் தொட்டார். "இப்பப் புரியுதுங்களா கூட்டம் எப்படி வருதுன்னு? ப்ளாக் டிக்கெட் பார்ட்டி. மொத்தமா வாங்கி வெளிய விக்கறான்."

"ஏனுங்க, பேரென்ன?" என்றார் கதிரேசன்.

"பாலகோபாலுங்க."

"எம்பது டிக்கெட்டு எதுக்குங்க?"

"நம்ம ஆளுகளுக்குத்தானுங்க. நான் ஒரு பைசா வெச்சு விக்கறதில்லீங்க."

"ஒருத்தருக்கு நாலு டிக்கெட்டுத்தான். இன்னைலிருந்து சட்டம்."

"அப்படின்னா சனம் ஆளுக்கொரு மூலைல உக்காருமுங்களே. அது ஆகாதுங்க."

"எங்க உக்காந்தாலும் அதே கடல்தானுங்க தெரியும்."

அந்த ஆள் கதிரேசனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நான்கு டிக்கெட்டோடு நகர்ந்தார்.

கூட்டம் எப்படியோ உள்ளே போய்விட்டது. ஆனால் ஒரே சலசலப்பு. ஆட்கள் நாற்காலி மாற்றிக் கொண்டே இருந்தார்கள். படம் அலுத்துப் போய்த்தான் அலைகிறார்கள் என்று யூனுஸ் முடிவு கட்டினார். கதிரேசன் மாடிக்கு ஓடினார்.

"மயில்சாமி, பழைய படத்துச் சண்டை ஏதாச்சும் கைவசம் இருக்குதா?"

"ராத்திரில குடோனுக்குள்ள அடிச்சுக்கறது ஒண்ணு இருக்குதுங்க. பன்னண்டு பேரை ஒருத்தனே அடிப்பான்."

"நம்ம கதாநாயகன் கடலைப் பாத்து யோசிக்கறான் பாரு, அதுக்கப்பறம் சேத்து உடு."

"அவன் வேற ஆளுங்களே. மூஞ்சி மாறுமே."

"இவன் அதைத்தான் யோசிச்சான்னு நெனச்சுக்குவாங்க."

சண்டை வந்தது. அரங்கம் இருண்டது. கூட்டம் ஆடாமல் அசையாமல் பார்த்தது. இரண்டு நாளில் முதல்முறையாக அரங்கத்தில் பேச்சே இல்லை. கதிரேசன் வாசலில் நின்று பெருமூச்சு விட்டார். வெளியே வந்த முதல் பெண்மணியை நம்பிக்கையோடு நெருங்கினார்.

"சண்டை எப்படீங்க?"

"நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. நடுவுல எதுக்குங்க அதைப் போட்டுக் கெடுத்தீங்க?"

"சண்டை நல்லா இல்லீங்களா?"

"நல்லா இருந்துச்சுங்க. அதான் வெனை. எங்க ஊட்டுக்காரரு, கொழுந்தனாரு, வந்தவங்க எல்லாருமே வாயைப் பொளந்துட்டு அதையே பாத்துட்டாங்க. வந்த காரியம் கெட்டுப்போச்சு."

அவள் போய்விட்டாள். யூனுஸ் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"பாய், வந்த காரியம்னா என்னங்க? படம் பாக்கறதுதான?"

"எனக்குத் தெரிஞ்சு அதானுங்க."

"அப்ப நல்லாப் பாத்தா எப்படிக் கெட்டுப்போகும்?"

"பதினஞ்சு வருசமா இதே தொழில்ல இருக்கறேன். போத்தனூர்லருந்து கோபி வரைக்கும் சனம் பேசறதைக் கேட்டிருக்கறேன். இப்படி ஒரு ஊரை நான் பாத்ததில்லீங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதி நாற்காலிதான் நிறைந்தது. பயந்துபோன கதிரேசன் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். திரை இன்னும் பளிச்சென்று தெரியட்டும் என்று ஓரத்து விளக்குகளையும் அணைத்தார். இருபது பேர் எழுந்து வந்து, "ஒண்ணும் தெரியலீங்க" என்றார்கள்.

"திரை கண்ணாடியாட்டத் தெரியுதுங்களே."

"திரை தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போனார்கள்.

மாலைக் காட்சிக்கு நாற்பத்தொரு பேர்.

"அவ்வளவுதானுங்க" என்றார் யூனுஸ். "பேச்சுப் பரவிருச்சு. நான் அன்னைக்கே சொன்னேன், படம் மோசம்னா ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுபோகும்னு."

"வெட்டிப் பாத்தோம், ஒட்டிப் பாத்தோம். படத்தைத் தூக்கிப்போட்டு நல்ல படமா ஒண்ணு போட்டா?"

"கோபிசெட்டிபாளையத்துல ஒரு படப் பொட்டி இன்னையோட முடியுது. டவுன்ல நூறு நாள் ஓடின படம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். ஒரு நிமிசம் கண்ணை எடுக்க முடியாது."

"அதேதான் வேணுமுங்க. கண்ணை எடுக்கக் கூடாது."

எஸ்.டி.டி. பூத்தில் முக்கால் மணி நேரம் நின்று கெஞ்சினார்கள். அந்தப் படத்தின் விநியோகஸ்தர் கடைசியில் இரங்கினார். திங்கட்கிழமை விடிந்ததும் புதுப் பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கியது. அதே பஸ்ஸில் கடல் பெட்டியை ஏற்றி, யூனுஸும் கூடவே ஏறிக்கொண்டார். ஆளுயரப் போஸ்டரைக் கதிரேசனே ஏணி வைத்து ஒட்டினார்.

பத்து மணிக்கு ரங்கம்மாள் காரில் வந்தார். பின்னால் நூல் வியாபாரியும் வந்தார்.

"வெள்ளி நெறைஞ்சுது, சனி நெறைஞ்சுது, ஞாயிறு கவுந்துது. அப்படித்தான கதிரேசா?"

"அது படத்தோட குத்தமுங்கம்மா. மத்தியானக் காட்சிக்கு நல்ல படம் போட்டிருக்கறேன். இந்த ஒரு காட்சியை மட்டும் பாத்துட்டுச் சாவியைக் குடுங்க."

ரங்கம்மாள் போஸ்டரை அண்ணாந்து பார்த்தார்.

"இதை நானே டவுன்ல ரெண்டு தடவை பாத்தாச்சு. ஊர்ல மிச்சமிருக்கறவங்க கேபிள்ல பாத்திருப்பாங்க. சரி, உனக்காக உக்கார்றேன். ரெண்டரை மணி வரைக்கும்."

கேட்டருகில் நாற்காலி போட்டு ரங்கம்மாள் உட்கார்ந்தார். பக்கத்தில் நூல் வியாபாரி. அவர் கட்டடத்தின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்து கொண்டிருந்தார். மணி இரண்டு. உள்ளூர்க்காரர்கள் ஆறு பேர் டிக்கெட் வாங்கினார்கள். இரண்டு பத்துக்கு மூன்று வேன்களும் இரண்டு அம்பாசடர் கார்களும் வரிசையாக வந்து நின்றன.

"பாருங்கம்மா" என்றார் கதிரேசன்.

பட்டுப் புடவைகளும் சலவை வேட்டிகளும் மல்லிகைப் பூவும் இறங்கின. எல்லோரும் கூட்டமாக நின்று போஸ்டரை நிமிர்ந்து பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வண்டிகளில் ஏறத் தொடங்கினார்கள்.

கதிரேசன் செருப்புக் கழன்றது தெரியாமல் ஓடினார். முதல் வேனின் படியில் ஒரு காலை வைத்திருந்தவர் அந்த மஞ்சள் பைக்காரர், பாலகோபால். பைக்குள்ளிருந்து ஜாதகக் கட்டு எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, ஏனுங்க, எங்க போறீங்க? அந்த மோசமான படத்தைத் தூக்கிப்போட்டமுங்க. இது நூறு நாள் ஓடின படம், கண்ணை எடுக்க முடியாது. வாங்க, உங்களுக்கு எத்தனை டிக்கெட்டு வேணும்னாலும் தாரேன்."

பாலகோபால் படியிலிருந்து காலை இறக்காமலே சொன்னார்: "ஆடி முடியட்டும்னு காத்திருந்து, இந்த ஆவணில முப்பது பொண்ணை உங்க தியேட்டர்ல வெச்சுக் காட்டறதா ஒத்துக்கிட்டு வந்தேனுங்க மேனேஜர், இந்தப் படத்தைப் போட்டீங்கன்னா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்வரிசைப் பொண்ணையா பாப்பாங்க, திரையைத்தான பாப்பாங்க?"