பிரேக் அக்காவின் வலது கால்

ஆஸ்திரேலியாவில் நாங்கள் குடியிருக்கிற செவன் ஹில்ஸில் இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிற விளக்குக் கம்பங்கள் அத்தனைக்கும் ஒரே காரணம் பிரேக் அக்காவின் வலது கால்தான். போலீஸ், சிக்னல், கேமரா எல்லாம் அதற்கு அப்புறம்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்களுக்கு நேர் கீழ்வீடு. நாற்பதை இன்னும் தொடவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை வருடக்கணக்கில் மிதித்து மிதித்து, வேலை நேரம் எது, ஓய்வு நேரம் எது என்பது அக்காவின் வலது காலுக்கு மறந்துபோய்விட்டது. எங்கே உட்கார்ந்திருந்தாலும் எதிரே ஏதாவது தப்பாக நகர்ந்தால் தரையில் 'தப்' என்று ஒரு மிதி விழும். பேச்சு நிற்காது, முகம் மாறாது. கால் மட்டும் தன் கடமையைச் செய்யும்.

பக்கத்து ஊரான பிளாக்டவுனில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு அக்னியைச் சுற்றி வருகிறார். மூலையில் திரும்பும்போது மண்டபத்தின் மரத்தரையில் 'தப்'. மேளக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

"என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"தோளுக்கு மேலால பாக்காமத் திரும்பிறார் தம்பி. இன்னும் திருந்தேல்லை."

மாப்பிள்ளை அக்காவின் பழைய மாணவராம்.

எனக்கும் என் மனைவி நித்யாவுக்கும் கார் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நித்யா முதல் டெஸ்ட்டிலேயே தேறினாள். என் கதை இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

தேவையான கதை எங்கள் மகளின் முதல் தடுப்பூசி. ஆறாவது வாரத்தில் போட வேண்டும். வாயில் சொட்டு மருந்து, தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி. போடும்போது அப்பாவோ அம்மாவோ குழந்தையை மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குத் திருச்சி. ஊரிலிருந்து யாருக்கும் இன்னும் விசா வரவில்லை. ஆகவே பிடிக்க இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு ஊசி ஆகாது. ஆஸ்திரேலியா வருவதற்கான மருத்துவப் பரிசோதனையில், ரத்தம் எடுக்க வந்த பெண்ணின் மேலேயே மயங்கிச் சாய்ந்தவன் நான். "சார், இன்னும் ஊசியே எடுக்கலை" என்று அவர் சொன்னது வரைக்கும் நினைவிருக்கிறது.

ஆனாலும் நான் ஆர்வமான ஆள். எதையும் படித்துத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று நம்புகிறவன். தடுப்பூசி பற்றி அரசாங்கம் போட்ட கையேடுகள் எல்லாவற்றையும் படித்தேன். எந்த ஊசி எந்த நோய்க்கு என்று நித்யாவுக்கு வகுப்பெடுத்தேன். குழந்தையைப் பிடிப்பது எப்படி என்ற வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு, தரையில் படுத்துக்கொண்டு மீதியைக் காதால் கேட்டேன்.

நித்யா தன் முடிவை முன்பே சொல்லிவிட்டாள். "நீதான் பிடிக்கணும். நான் பிடிச்சா, பாப்பா வீல்னு கத்துன உடனே தூக்கிட்டு ஓடிருவேன். என்னைப் பத்தித் தெரியும்ல?"

தெரியும். பூனைக்கு ஊசி போட்டபோது ஓடியிருக்கிறாள்.

"நான் மயங்கி விழுந்துட்டேன்னா?"

"பாப்பாவைக் கைல வச்சுக்கிட்டு விழுவியா நீ?"

அதற்கப்புறம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. சாப்பிடும்போதும் அலுவலகக் கூட்டத்திலும் நான் பாப்பாவோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருந்தேன்.

இந்த நிலையில்தான் அக்கா ஒரு கிண்ணத்தில், பிள்ளை பெற்றவர்களுக்கென்று அரைக்கிற சரக்குத்தூள் போட்ட மீன்குழம்போடு மேலே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"டெஸ்ட் எப்ப தம்பி?"

"டெஸ்ட் இல்லக்கா. பாப்பாக்குத் தடுப்பூசி."

"ஓம், அதைத்தான் கேக்கிறன். எப்ப?"

"வியாழக்கிழமை."

"ரூட் ஓடிப் பாத்திட்டீங்களோ?"

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அக்கா, பேசாம நீங்களே பிடிச்சுக்கிறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வை, வட்டச் சந்தியில் ஒருவன் எதிர்ப்பக்கமாக நுழைந்தால் பார்க்கிற பார்வை. "நான் ஒருநாளும் ஸ்டியரிங்கில கை வைக்கிறேல்லை தம்பி. ஓடுறது நீங்கள். நான் பக்கத்தில இருப்பன்."

பயிற்சி உடனே ஆரம்பித்தது. "பிள்ளை என்ன நிறை?" என்று கேட்டார். கிட்டத்தட்ட ஐந்து கிலோ என்றேன். கீழே போய் ஐந்து கிலோ சம்பா அரிசிப் பையோடு திரும்பி வந்தார்.

"எங்ககிட்டயே பொன்னி இருக்கேக்கா," என்றாள் நித்யா.

"பொன்னி மெல்லிசு. பிள்ளை கொழுகொழு எண்டு இருக்கு. இது சம்பாதான்."

நித்யா தோற்றுப்போகிறவள் இல்லை. அரிசிப் பைக்குப் பாப்பாவின் வாத்துப் படம் போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அதைச் சமைக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

"கதிரையைக் குசினிக்க கொண்டு வாங்கோ. அங்கதான் வெளிச்சம்." நாற்காலியைச் சமையலறையில் போட்டு உட்கார்ந்தேன். அரிசி மடியில். அக்காதான் நர்ஸ். ஒரு பேனாவை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். எனக்கு நெற்றி வியர்த்தது. காது அடைத்தது.

"இது பேனை தம்பி."

"தெரியும்க்கா."

"மூடி கூடக் கழட்டேல்லை."

"அதுவும் தெரியும்க்கா."

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பிழையைச் சொன்னார். "நீங்கள் ஊசியைப் பாக்கிறீங்கள். கண் போற பக்கம்தான் கார் போகும். மரத்தைப் பாத்துக்கொண்டு ஓடினா மரத்தில போய்த்தான் அடிப்பீங்கள். பயமில்லாத ஏதாவது ஒண்டைப் பாருங்கோ."

புதன்கிழமை பாதை ஒத்திகை. நாளைக்குப் போக வேண்டிய அதே நேரத்துக்கு, அதே வழியாக, நான் ஓட்ட, அக்கா பக்கத்தில் இருக்க, பின் இருக்கையில் பாப்பாவின் கூடையில் அரிசியைப் பெல்ட் போட்டு வைத்துக் கூட்டிப்போனோம். கிளினிக் வாசலில் அதைத் தள்ளுவண்டிக்கு மாற்றியதும், அக்கா பையிலிருந்து கற்றுக்குட்டி ஓட்டுநர்கள் காரில் மாட்டுகிற மஞ்சள் எல் பலகை ஒன்றை எடுத்து வண்டியின் முன்னால் கட்டினார்.

"எதுக்குக்கா இது?"

"தகப்பனும் புதுசு, பிள்ளையும் புதுசு. ரோட்டில போறவைக்குத் தெரியவேணும்."

அந்தப் பக்கமாக வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்ன வயது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா கொஞ்சமும் தயங்காமல் ஆறு வாரம் என்றார். பாட்டி போர்வையை மெதுவாக விலக்கினார். சிறிது நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையைப் பழையபடி மூடிவிட்டு, "ரொம்ப அமைதியான குழந்தை" என்று சொல்லிப் போய்விட்டார்.

"ஓம்," என்றார் அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "தகப்பன்தான் கொஞ்சம் சத்தம்."

வியாழக்கிழமை வந்தது. காத்திருக்கும் இடத்தில் அக்காவின் கடைசி அறிவுரை. "நர்சோட வீணாக் கதைக்காதேங்கோ. டெஸ்ட் எடுக்கிற ஆக்களுக்குக் கதைச்சாப் பிடிக்காது." ஆகவே காய்ச்சல் உண்டா, பால் குடிக்கிறாளா என்று நர்ஸ் கேட்டதற்கெல்லாம் நான் முன்னால் பார்த்தபடி ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னேன். உங்கள் கணவர் நலமா என்று நர்ஸ் நித்யாவிடம் தணிந்த குரலில் விசாரித்தார். அவருக்கு இன்றைக்கு டெஸ்ட் என்று நித்யா ஆங்கிலத்தில் விளக்கினாள்.

அக்கா சொன்னபடியே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாப்பா என் மடிக்கு வந்தாள். ஒத்திகையில் இருந்த பெரிய குறை அப்போதுதான் புரிந்தது. அரிசி உதைக்காது. அரிசி நம் முகத்தைப் பார்க்காது. அரிசி ஒருநாளும் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டதில்லை. சொட்டு மருந்தைச் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வருமா என்பது போல என்னையே பார்த்தாள்.

நித்யா கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நர்ஸ் தட்டை இழுத்தார். என் காது அடைத்தது. பயமில்லாத ஏதாவது ஒன்று. சுவரைப் பார்த்தேன், ஊசிப் படம். மேசையைப் பார்த்தேன், குத்தி முடித்த ஊசிகளை எறிகிற மஞ்சள் டப்பா. பாப்பாவைப் பார்த்தால் அவள் சிரிக்கிற மாதிரி இருந்தது, அது எல்லாவற்றையும்விடப் பயம். விழப்போகிறேன் என்று தெரிந்தது. எங்கே விழலாம் என்று தரையைப் பார்த்தேன்.

அங்கே அக்காவின் வலது கால் இருந்தது.

வழக்கமான 'தப்' இல்லை இது. செருப்பின் நுனி வளைந்து, முட்டி வரைக்கும் நடுங்கி, சரிவில் உருள்கிற லாரியை ஒற்றை ஆளாக நிறுத்திப் பிடிக்கிற மிதி. நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாப்பா வீரிட்டாள். கால் அசையவில்லை. என் கையும் அசையவில்லை. மறு தொடை. மறுபடி வீல். கால் அப்படியே இருந்தது. நர்ஸ் ஏதோ சொல்ல, நிமிர்ந்தேன். முடிந்துவிட்டிருந்தது. நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தேன்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கை கழுவும் முறை பற்றிய சுவரொட்டியை நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். நர்ஸ்தான் குனிந்து பார்த்துவிட்டு, இனி நீங்கள் காலை எடுக்கலாம் என்றார்.

"பிள்ளையை நெஞ்சோட பிடிச்சிட்டீங்களோ தம்பி?" என்று கேட்டார் அக்கா, சுவரொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"பிடிச்சிட்டேன்க்கா."

அதற்குப் பிறகே எடுத்தார்.

வெளியே வந்ததும் தள்ளுவண்டியின் மஞ்சள் எல் பலகையைக் கழற்றினார். டெஸ்ட்டில் தேறியவர்கள் மாட்டுகிற சிவப்பு பி பலகையைப் பையிலிருந்து எடுத்துக் கட்டினார். அதை அவர் முதல் நாளே பையில் வைத்துவிட்டார் என்று நித்யா பிறகு சொன்னாள்.

அடுத்த மாதம் அக்காவின் வீட்டுக்காரருக்கு மெல்பர்னுக்கு வேலை மாறி, அவர்கள் அங்கே குடிபோனார்கள். நான்காம் மாத ஊசிக்கு முந்தின நாள் போன் செய்து, ஒரு நடை வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். முழுக்க விளையாட்டு என்றும் சொல்ல முடியாது.

"பாஸ் பண்ணின ஆக்களோட நான் ஏறுறேல்லை தம்பி," என்றார்.

அரிசி இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. வாத்துச் சட்டை பாப்பாவுக்குப் போதாமல் போய்விட்டது. அரிசிக்கு இன்னமும் கச்சிதம்.

போன் செய்த மறுநாள் அதே அறை, அதே நர்ஸ். இந்த முறை நித்யா கதவைப் பார்க்காமல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நர்ஸ் தட்டை இழுத்தார். பாப்பா என் சுண்டுவிரலைப் பிடித்தாள். தரையில் 'தப்' என்று கேட்டது. குனிந்து பார்த்தேன். மிதித்துக்கொண்டிருந்தது என் வலது கால். அதற்குப் பக்கத்தில், நுனி வளைந்து, நித்யாவின் வலது கால்.

பாப்பா நெஞ்சோடு வந்து சேர்ந்த பிறகுதான் இரண்டு பேரும் காலை எடுத்தோம்.