தோற்பதற்கு ஐந்து லட்சம்

"நாலு லட்சம் டாலர் துண்டு விழுது, ஆர்லோ. ஏதாவது ஒரு டீமை மூடித்தான் ஆகணும். நீச்சலை மூடிடலாம்" என்றார் ட்வைட் ப்ரூவிட்.

ப்ரூவிட், வால்மண்ட் கல்லூரி விளையாட்டுத் துறையின் டைரக்டர். ஆர்லோ டெஸ்கி அதே துறையில் பதினெட்டு வருடமாகக் கணக்குப் பார்ப்பவர்.

"ஏன் நீச்சல்?" என்று கேட்டார் ஆர்லோ.

"பின்ன எதை மூடுறது? ஃபுட்பாலுக்கு டிக்கெட் விக்குது, டிவி காசு வருது. நீச்சலுக்கு யாருப்பா டிக்கெட் வாங்குறா? கேலரியில இருக்கிற பதினோரு பேரும் அந்தப் பொண்ணுங்களோட அப்பா அம்மா. அதுலயும் ரெண்டு பேரு தூங்கிக்கிட்டிருப்பாங்க."

மறுக்க முடியவில்லை. ஆர்லோவின் பேரேட்டில் நீச்சல் அணிக்கு நேரே செலவு மட்டும்தான் இருந்தது, வருடத்துக்கு நாலு லட்சம். வரவுப் பக்கத்தில், பழைய துண்டுகளை ஏலம் போட்டதில் கிடைத்த நாற்பது டாலர்.

ஆனால் போன ஜனவரியில் அவருடைய மனைவி லோர்னாவை அடக்கம் செய்தபோது, நீச்சல் அணியின் முப்பத்து நாலு பெண்களும் காலைப் பயிற்சி முடிந்த கையோடு கல்லறைக்கு வந்து நின்றார்கள். பூஜ்யத்துக்கும் கீழான குளிர். ஈரத் தலைமுடி அப்படியே உறைந்துபோய், தலையைத் திருப்பினால் முறுமுறுவென்று சத்தம் கேட்டது. லோர்னா தினமும் அவர்கள் குளத்தின் ஓரத் தடத்தில் நீந்துவாள். அவ்வளவுதான் உறவு. ஃபுட்பால் அணி மலர்வளையம் அனுப்பியிருந்தது. அதற்கான பில் மறுநாள் ஆர்லோவின் மேசைக்கே கையெழுத்துக்கு வந்தது.

"டிசம்பர் வரைக்கும் டைம் குடு, ட்வைட். நாலு லட்சத்தை நான் கொண்டுவர்றேன்."

"எங்கிருந்து?"

"தெரியல."

முதல் வழி அந்த வாரமே கிடைத்தது. பக்கத்து மாநிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம், ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானத்தை வைத்துக்கொண்டு, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமைக்கு எதிரணி தேடிக்கொண்டிருந்தது. சின்னக் கல்லூரிகள் போய் அடி வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு திரும்புவது எங்கள் பக்கத்தில் வெகுநாள் வழக்கம். ஆர்லோ போன் செய்தார்.

"உங்க டீம் எப்படி?" என்று கேட்டது எதிர்முனை.

"ரொம்ப மோசம் சார்."

"மோசம்னா?"

"போன வருஷம் பதினோரு ஆட்டத்துல ஒன்பது தோல்வி. ஜெயிச்ச ரெண்டுலயும் எதிர் டீமுக்கு வயித்துப்போக்கு."

"அருமை. அஞ்சு லட்சம் தர்றோம்."

ஃபுட்பால் கோச் லோமாக்ஸ் செய்தியைக் கேட்டு அசந்துபோனார். "தோக்கிறதுக்கு அஞ்சு லட்சமா? யோவ் ஆர்லோ, ஆறு வருஷமா நான் இதை இலவசமா செஞ்சுக்கிட்டிருக்கேனே!"

அந்தச் சனிக்கிழமை மழை கொட்டியது. எங்கள் ஃபுட்பால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம்; அந்தப் பந்து சோப்புக்கட்டியாக வழுக்கியது. பெரிய அணியின் பையன்கள் அதை ஐந்து தடவை கீழே போட்டார்கள். ஐந்து தடவையும் அது வால்மண்ட் பையன்களின் மடியில் போய் விழுந்தது. வேண்டாம் என்று அதைத் தள்ளிவிட அவர்களுக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்தபோது பலகையில் பதினேழுக்குப் பதினாறு. வால்மண்ட் ஜெயித்திருந்தது.

ஒரு லட்சம் பேர் வாயடைத்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில், ஆர்லோ முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்து இருக்கையில் இருந்த உள்ளூர்க்காரர் அவர் தொப்பியைப் பார்த்தார்.

"நீங்க வால்மண்ட் ஆளுதானே? ஜெயிச்சதுக்கா அழறீங்க?"

"கோச்சோட ஒப்பந்தத்தை டைப் அடிச்சது நான்தாங்க" என்றார் ஆர்லோ.

ஆறு வருடத்துக்கு முன் லோமாக்ஸ் கையெழுத்துப் போட முரண்டு பிடித்தபோது, அவரைக் குளிர வைக்க ஆர்லோதான் ஒரு வரி சேர்த்திருந்தார். பெரிய பல்கலைக்கழகம் எதையாவது தோற்கடித்தால் கோச்சுக்கு இரண்டு லட்சம், உதவிக் கோச்சுகளுக்கு ஒன்றரை லட்சம். எந்தக் காலத்திலும் கொடுக்க வேண்டியிராத பணம் என்பதால் தாராளமாகவே எழுதியிருந்தார்.

அன்று மாலை வால்மண்ட் மாணவர்கள் எங்கள் மைதானத்தின் கோல் கம்பங்களைப் பிடுங்கி, ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். புதுக் கம்பம், போலீஸ், கிரேன் என்று இன்னொரு ஐம்பதாயிரம். ஐந்து லட்சத்தில் மிஞ்சியது ஒரு லட்சம்.

அடுத்த வருடத்துக்கு இதே மாதிரி பேசி வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகம் திங்கட்கிழமை போன் செய்தது.

"மன்னிச்சுக்குங்க. நாங்க ஜெயிக்கிறதுக்குத்தான் காசு குடுக்கிறோம். உங்களை நம்ப முடியாது."

"சார், அது ஒரு விபத்து. சத்தியமா மறுபடி நடக்காது."

"உங்க கோச் பேப்பர்ல வேற மாதிரி சொல்றாரே."

அக்டோபரில் ஆர்லோவுக்கு இரண்டாவது வழி தெரிந்தது. தெற்கே ஒரு பணக்காரப் பல்கலைக்கழகம் லோமாக்ஸ் மீது கண் வைத்திருந்தது. ஒப்பந்தக் காலம் முடியாமல் பாதியில் கூட்டிக்கொண்டு போனால் வால்மண்டுக்கு ஆறு லட்சம் நஷ்டஈடு தர வேண்டும். அவர்களுடைய ஆள் விசாரிக்கப் போன் செய்தபோது ஆர்லோ கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவரை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை" என்றார். அது உண்மைதான். "பையன்கள் அவருக்காக உயிரைக் குடுப்பாங்க. நீங்க தாமதிச்சா வேற யாராவது கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க."

அந்த ஆள் மரியாதை தெரிந்தவர். உடனே ப்ரூவிட்டைக் கூப்பிட்டு, முறைப்படி அனுமதி கேட்டு, கேள்விப்பட்ட புகழ்ச்சியையும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

ப்ரூவிட் மூச்சிரைக்க ஆர்லோவின் அறைக்குள் வந்தார். "பென்சில் வாங்கவே மூணு கையெழுத்து கேக்குற ஆளு நீ. நீயே இவ்வளவு சொல்றேன்னா லோமாக்ஸ் எப்பேர்ப்பட்டவனா இருக்கணும்! இப்பத்தான் ஏழு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கினேன்."

"சம்பளம்?"

"மூணு லட்சம் கூட்டியிருக்கேன். உனக்குத்தான் நன்றி சொல்லணும்."

ஆர்லோ அன்று சாப்பிடவில்லை. லோர்னா இருந்திருந்தால், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று கேட்டிருப்பாள்.

வெற்றி ருசி கண்ட அணி மேலும் ஐந்து ஆட்டங்களை ஜெயித்தது. நவம்பர் கடைசியில், கடற்கரை நகரம் ஒன்றில் டிசம்பரில் நடக்கும் பெரிய ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. கலந்துகொண்டாலே எட்டு லட்சம். ஆர்லோ மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். அணி கிளம்புகிற அவசரத்தில் ப்ரூவிட் போட்ட ஒப்பந்தத்தைப் பிறகுதான் படித்தார்.

"ட்வைட், இதுல எட்டாயிரம் டிக்கெட்டை நாமே வாங்கிக்கணும்னு போட்டிருக்கே?"

"வித்துடலாம்ப்பா."

"பேண்டு வாத்தியக்காரங்க இருநூறு பேரும் ஆறு நாள், ஆட்டம் நடத்துறவங்க சொல்ற ஓட்டல்லதான் தங்கணும்னும் போட்டிருக்கு."

"டிரம்பெட் ஊதுற பிள்ளைங்க கடலைப் பார்க்க வேணாமா?"

அறுநூறு டிக்கெட் விற்றது. மிச்சத்தை இலவசமாகக் கொடுத்தும், அவ்வளவு தூரம் போக எங்கள் ஊரில் ஆளில்லை. அணி நாற்பத்தைந்துக்கு மூன்று என்று தோற்றுத் திரும்பியது. எட்டு லட்சம் வரவு, பதினொரு லட்சம் செலவு.

"நல்ல முன்னேற்றம்தான்" என்றார் லோமாக்ஸ், பஸ்ஸைவிட்டு இறங்கியபடி. "முதல்ல சும்மா தோத்தோம். அப்புறம் காசு வாங்கித் தோக்கலாம்னு போனோம். இப்ப காசு கட்டித் தோத்திருக்கோம்."

நாலு லட்சமாக இருந்த பள்ளம் ஒன்பது லட்சமாகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், நீச்சல் அணியைக் கலைக்கும் தாளில் ப்ரூவிட் கையெழுத்துப் போட்டார். அதைப் போய்ச் சொல்லும் வேலை ஆர்லோவிடம் வந்தது.

குளத்தங்கரையில் குளோரின் நெடி. பெண்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். கோச் கிரேட்டா நைஹஸ் கையில் கடிகாரத்தோடு நின்றாள். ஆர்லோவின் முகத்தைப் பார்த்ததும் கடிகாரத்தை நிறுத்தினாள்.

"எப்பத்திலிருந்து?"

"இந்த வாரத்தோட முடியுது. நான் முயற்சி பண்ணினேன், கிரேட்டா."

"தெரியுங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியும்." அவள் தண்ணீரையே பார்த்தாள். "தோத்தா டீமை மூடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அவங்க ஜெயிச்சதுக்கு எங்களை மூடுறது இதுதான் முதல் தடவை."

ஆர்லோவும் தண்ணீரைப் பார்த்தார். எல்லாத் தடத்திலும் அலை அடித்துக்கொண்டிருந்தது. ஓரத் தடத்தில் யாரும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பனி பெய்துகொண்டிருந்தது.

ஜனவரி இரண்டாம் வாரம். மாணவர் கட்டணப் பிரிவிலிருந்து பெர்னிஸ் கோல்ப் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆர்லோவின் மேசையில் வைத்தாள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நடைபாதை. ஆனால் அவர்கள் பேரேடு வேறு, இவர் பேரேடு வேறு. பதினெட்டு வருடத்தில் அவள் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன இது?"

"நீச்சல் பொண்ணுங்களோட விலகல் மனு. முப்பத்தி நாலும் இருக்கு. நீந்த இடம் குடுக்கிற காலேஜுக்குப் போறாங்களாம். விளையாட்டுத் துறைன்னு போட்டிருக்கிற இடத்துல நீங்க கையெழுத்துப் போடணும்."

ஆர்லோ பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பெயராகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் பொறுமையாக நின்றாள்.

"நாலு லட்சம் மிச்சம் பிடிக்கத்தான் மூடினீங்கன்னு சொல்றாங்க. நெஜமா?" என்று கேட்டாள்.

"ஆமா, பெர்னிஸ். டிக்கெட் விக்காத டீம். வேற வழி தெரியல."

பெர்னிஸ் பெட்டியை மூடினாள். போக மனமில்லாமல் வாசலில் நின்றாள்.

"ஃபுட்பால் பையன்கள் எண்பத்தஞ்சு பேரும் ஓசிப் படிப்பு. இந்த முப்பத்தி நாலு பேரும் ஒரு பைசா சலுகை இல்லாம, நீந்துறதுக்காகவே இங்க வந்து, வருஷத்துக்கு எட்டரை லட்சம் ஃபீஸ் கட்டினவங்க. இந்தக் காலேஜ்ல லாபத்துல ஓடின ஒரே டீம் இதுதான் ஆர்லோ. உங்க ஃபுட்பாலுக்கு இத்தனை வருஷமா சோறு போட்டதே இந்தப் பொண்ணுங்கதான்."