தானாய்ப் பூட்டும் படலை

வேலியில் வைக்கிற ஒரு படலைக்கு உள்பக்கம் என்று ஒன்று உண்டு என்பது, ஆசிரிய கலாசாலையில் நல்ல பெறுபேறோடு சித்தியடைந்து வெளியே வந்த பிறகும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்படிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மனைவி கேட்டவுடனே நம்பினாள்.

எழுபதுகளின் முற்பகுதி. பிள்ளைகள் புத்தகத்தை மட்டும் பாடமாக்காமல் கையாலும் ஏதாவது செய்து படிக்க வேண்டுமென்று புதிய பாடம் ஒன்று வந்திருந்தது. அனலைதீவில் எனக்கு நியமனம் கிடைத்த பாடசாலையில் அதைப் படிப்பிக்க ஆளில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் போய் இறங்கிய என்னையும் என் கையிலிருந்த கோடு கீறும் நீண்ட அடிமட்டத்தையும் தலைமை ஆசிரியர் மாறி மாறிப் பார்த்தார்.

"நீர்தான் அதுக்குத் தோதான ஆள்" என்றார். (அடிமட்டம் நாய்க்குப் பயந்து கொண்டுபோனது. அதை நான் சொல்லவில்லை.)

பொறியியலாளர்கள் ஒரு பொருளை எப்படி உருவாக்குகிறார்கள் என்று எங்கோ வாசித்ததை வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். பிரச்சினை என்ன என்று பார். அதைப் பாவிக்கப்போகிறவர்களைக் கேள். மூன்று வழியாவது யோசி. படம் கீறு. ஒன்றைத் தெரிந்தெடுத்துச் செய். சோதித்துப் பார். பிழையைத் திருத்து. இவ்வளவுக்கும் கீழே சிவப்புச் சோக்கால் ஒரு கட்டளை: "சோதனை நடக்கும்போது கை வைக்காதே. பார், எழுது." அந்தச் சிவப்பு வரிதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

பிரச்சினையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அது நாலு காலில் தினமும் வந்துகொண்டிருந்தது. பாடசாலைத் தோட்டத்து மிளகாயும் வெண்டியும், பிள்ளைகள் கிணற்றிலிருந்து வாளி வாளியாய்ச் சுமந்து ஊற்றிய தண்ணீரில் வளர்ந்தவை. போகிறவர்கள் வருகிறவர்கள் படலையைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள். பிறகு ஆடு வரும். தானாகவே சாத்திக்கொள்ளும் படலை ஒன்று செய்வதென்று வகுப்பு முடிவெடுத்தது.

படம் கீறியவள் செல்வராணி. அதிகம் பேசாத பிள்ளை. பேசினால் கேள்வியாகத்தான் பேசுவாள். படலையின் அடிமுளை ஒரு கல்லுக் குழியில் சும்மா இருந்து சுழலும். கயிறு ஒன்று பழைய கிணற்றுக் கப்பியில் ஏறி இறங்கும். கயிற்று நுனியில் தொங்கும் கல், படலையைத் திறந்து விட்டவுடனே அதை இழுத்துச் சாத்தும். அழகான வேலை. அத்தோடு விட்டிருக்கலாம்.

ஆனால், வட்டாரக் கல்வி அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. தீவுப் பக்கத்துக்கென்று ஒரு தச்சு உபகரணப் பெட்டி வந்திருக்கிறது. வாள், சீவுளி, உளி, துறப்பணம் எல்லாம் உள்ள, பூட்டுப் போட்ட பெட்டி. கேட்கிற பாடசாலைகள் பல, பெட்டி ஒன்று. வேலையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாராம். எங்களிடம் இருந்ததோ இரவல் வாள் ஒன்று; அதற்கும் என் பெரியப்பாவைப் போலப் பல் பாதி இல்லை. அந்தப் பெட்டி வரவில்லையென்றால் பாடம் திரும்பவும் கரும்பலகைக்குப் போய்விடும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதிகாரியை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பிள்ளைகளின் படலையில் என் மூளையையும் கொஞ்சம் பூசினேன். வெளிப்பக்கத்தில், ஆட்டுக்கு எட்டாத உயரத்தில், பனஞ்சிலாகையால் ஒரு கட்டை பொருத்தினேன். படலை சாத்தியதும் அது 'டொக்'கென்று தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். பிடியைத் தூக்கினால் திறக்கும்.

செல்வராணி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சேர், உள்ளுக்கு நிண்டு திறக்கிறதெண்டா?"

"உள்ளுக்கு ஆடு இல்லையே, பிள்ளை" என்றேன்.

வகுப்பு சிரித்தது. என்னுடைய புத்திக்கூர்மைக்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பாவிக்கப்போகிறவர்களைக் கேள் என்று எழுதிய ஆள் நான்தான். கேட்காமலே வந்து சொன்னவளையும் அனுப்பிவிட்டேன். அன்று பின்னேரம் முழுக்கப் படலையைச் சோதித்தோம். எல்லோரும் வெளியில் நின்று சோதித்தோம்.

அதிகாரி வந்த அன்று பிள்ளைகள் அவருக்குச் செவ்வரத்தம்பூ மாலை போட்டார்கள். கனத்த மனிதர், வெள்ளை வேட்டி, சால்வை. பகல் வள்ளத்தில் திரும்ப வேண்டும் என்று வந்த உடனேயே சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியர் நண்டுக்கறி விஷயமாகக் குசினிப் பக்கம் போய்விட்டதால், படலையைக் காட்டும் பெருமை எனக்கு மட்டுமே கிடைத்தது. பிள்ளைகள் சோதனையை எழுதக் கொப்பிகளோடு வெளியே வரிசையாய் நின்றார்கள்.

"சேர், உள்ளுக்கு வாங்கோ. கை விடுங்கோ. தானாய்ப் பூட்டும்!" என்றேன்.

அதிகாரி நுழைந்தார். நான் நுழைந்தேன். எங்கள் இருவருக்கும் பின்னால், அழைப்பில்லாமல், ஒரு கறுத்த ஆடும் நுழைந்தது. கல் இறங்கியது. டொக்.

"அருமை" என்றார் அதிகாரி. பிறகு ஆட்டைப் பார்த்தார். "உது ஆருடைய ஆடு?"

"அது... சோதனைக்கு, சேர்."

ஆடு வெண்டியை ஒரு கடி கடித்துப் பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்தி மாலையைக் கண்டது. செவ்வரத்தம்பூவில் ஆடுகளுக்கு அவ்வளவு விருப்பம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். (இது பாடத்திட்டத்தில் இல்லை.) அதிகாரி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மிளகாய்ப் பாத்தியைச் சுற்றி நடந்தார். ஆடும் நடந்தது. அவர் விரைவாக நடந்தார். அதுவும்.

"மாஸ்டர், படலையைத் திறவும்!"

திறக்கப் போனேன். உள்பக்கத்தில் பிடிக்க ஒன்றுமில்லை. கண்ணாடித் துண்டால் வழுவழுவென்று நானே சீவி எடுத்த பலகை. அந்தச் சீவலுக்காக என் மேல் எனக்கு முதல்நாள் வந்த மதிப்பு முழுக்க அந்த இடத்திலேயே போய்விட்டது. சட்டங்களின் கை நுழையாத இடுக்கால் பார்த்தேன். வெளியே ஒரு பிள்ளையும் அசையவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டு நின்றார்கள்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? திறவுங்கோடா!"

முன்வரிசையில் நின்ற யேசுதாசன் தலையை நிமிர்த்தினான். "சோதனை நடக்கேக்கை கை வைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், சேர்."

"சோதனை முடிஞ்சுது!"

"முடிஞ்சுதெண்டு எழுதட்டோ?"

"எழுது! எழுதிப்போட்டுத் திற!"

அவன் எழுதிவிட்டு வந்து பிடியைத் தூக்கினான். அவசரத்தில் நான் உள்ளேயிருந்து படலையை இழுத்தேன். நான் இழுக்க இழுக்கக் கட்டை இறுகியது. கட்டை இறுக இறுக அவன் பலமாய்த் தூக்கினான். பிடி அவன் கையோடு வந்துவிட்டது.

"பிடி முறிஞ்சுது" என்று சொல்லி, அதையும் எழுதினான்.

அதற்குள் அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. சால்வையை ஆட்டுக்கும் தனக்கும் நடுவே வீசியபடி வேலியடிக்குப் போய் ஓலையைப் பிரிக்கத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் வேலியில் கை வைப்பதற்கு முன்பு ஒருவன் தன் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். வேலிக் கதியால் ஒன்று ஒரு சாண் தள்ளி நட்டதற்காக அண்ணன் தம்பி பேச்சை விட்ட ஊர். பக்கத்துக் காணிக்காரர் ஆறுமுகம் அண்ணை, பாடசாலை தன் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் விழுங்குகிறது என்று ஏற்கெனவே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர். ஓலை சரசரத்ததும் மறுபக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"ஆரடா அது வேலியைப் பிரிக்கிறது?"

"நான் வட்டாரக் கல்வி அதிகாரி" என்றார் அதிகாரி, மாலையும் மூச்சிரைப்புமாக.

"அதிகாரி எண்டா படலையாலை வாருமன்!"

ஆடு இந்தச் சந்தர்ப்பத்தில் மாலையில் பாதியை முடித்தது.

வெளியே சத்தம் அடங்கியிருந்தது. பிள்ளைகள் மணலில் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். செல்வராணி ஒரு தடியால் மணலில் கீறிக்கொண்டிருந்தாள்.

"பிரச்சினை என்ன?" என்று கேட்டாள்.

"சேர்மார் உள்ளுக்கு" என்றது ஒரு குரல்.

"அது இல்லை. கட்டை இறுகீட்டுது. அதுதான் பிரச்சினை. மூண்டு வழி சொல்லுங்கோ."

"பிள்ளையள், வள்ளம் வெளிக்கிடப் போகுது!" என்று கத்தினேன். "மூண்டு வழி பேந்து பாப்பம், இப்ப ஒரு வழி போதும்!"

என் தோளில் ஒரு கை விழுந்தது. அதிகாரி. மிச்ச மாலையைக் கழற்றி ஆட்டுக்கே போட்டுவிட்டு, படலை இடுக்கில் முகத்தை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதையும், மாஸ்டர். அதுகள் யோசிக்கட்டும்."

வேலியைப் பிரிப்பது முதல் வழி. ஆறுமுகம் அண்ணை உயிரோடு இருக்கும்வரை ஏலாது. ஏணி இரண்டாவது, கோயில் தேர்முட்டிக்கு வெள்ளை அடிக்கக் கொண்டுபோன ஏணி இன்னும் வரவில்லை. மூன்றாவதைச் செல்வராணி சொன்னாள். "முளை குழிக்குள்ளை சும்மாதானே இருக்குது. கட்டையை விடுவம். மற்றப் பக்கத்தாலை படலையைத் தூக்குவம்."

யேசுதாசன் ஓடிப்போய் இரும்பு அலவாங்கு கொண்டுவந்தான். ஒரு கல்லை அண்டக் கொடுத்து நாலைந்து பேர் மிண்டி நெம்பினார்கள். அடிமுளை குழியை விட்டு மேலே வந்தது. நான் பூட்டிய பக்கம் பூட்டியபடியே இருக்க, படலை மறுபக்கத்தால் மெல்லத் திறந்தது. முதலில் ஆடு போனது. பிறகு அதிகாரி. கடைசியாக நான்.

அதிகாரி என்னைக் கடந்து போனார். செல்வராணியிடம் மட்டும் கேட்டார்: "முளையை ஏன் பிள்ளை இறுக்கேல்லை?"

"பிழைச்சால் கழற்றித் திருத்தத்தானே சேர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். தலைமை ஆசிரியர் நண்டுக்கறிச் சட்டியோடு அவர் பின்னால். நான் சட்டியின் பின்னால்.

இது நடந்து எவ்வளவோ காலம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அலுமாரித் திறப்பு, வாசல் திறப்பு, சைக்கிள் பூட்டுத் திறப்பு எல்லாம் ஒரே சாவிக்கொத்தாய் மனைவியின் இடுப்பில்தான் இருக்கின்றன. வெளியில் போய் வந்தால் என் வீட்டுக் கதவை நானே தட்டிக்கொண்டு நிற்பேன். வருகிற விருந்தாளி ஏனென்று கேட்டால், என் மகள் அதிகாரியைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று, அவர் அன்று சொன்ன அந்த ஒரு வரியைச் சொல்லிக் காட்டுவாள். அவள் பிறக்க முதலே சொன்ன வரி.

அன்று இறங்குதுறையில் வள்ளம் கயிறு அவிழ்த்துவிட்டது. வள்ளக்காரர் அதிகாரியைக் கையைப் பிடித்து ஏற்றினார்; தலைமை ஆசிரியர் சட்டியை எட்டிக் கொடுத்தார். கரையில் பிள்ளைகள் மூச்சு வாங்க வந்து நின்றார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கேட்காமல் விட்டால் அந்தப் பல்லுப்போன வாளோடுதான் மிச்சக் காலம். வெட்கத்தை விட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.

"சேர், அந்த உபகரணப் பெட்டி...?"

சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

"வரும், திறப்பு அந்தப் பிள்ளையிட்டை இருக்கட்டும்."