பூட்டு நானாவும் ஒற்றை சீசன் டிக்கெட்டும்

சந்தேகப்படுவதற்கென்று யாங்கோனில் ஒரு பதவி இருந்தால், அதில் பூட்டு நானாவை உட்கார வைத்துவிட்டு ஊரில் மற்ற எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம். பபேடானில் எங்கள் தெருவில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். சொந்தப் பெயரைக் கேட்டால் "எதுக்குக் கேக்குறே?" என்பார். அதனால் அது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கடையை அடைத்ததும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்த தன் கையை நம்பாமல், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்வார். அவர் இழுத்துவிட்டுப் போன பிறகு, 'இந்த ஆள் எதுக்கு இவ்வளவு பலமா இழுத்தான்?' என்று கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் கால்பந்துப் பைத்தியம். எங்கள் கிளப்பின் ஆட்டம் என்றால் மத்தியானமே கடையை அடைத்துவிடுவார். நாங்கள் நாலு பேர், பல வருஷமாக சீசன் டிக்கெட் வாங்கி ஒரே வரிசையில், ஒட்டி ஒட்டி நாலு சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள். நானா, நான், ரயில்வேயில் வேலை பார்க்கும் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை முருகேசன், டாக்சி ஓட்டும் கோ மியோ. மியோவும் தமிழ்ப் பையன்தான். பள்ளிக்கூடத்தில் வைத்த பர்மியப் பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியில் பர்மியத்துக்குத் தாவி, அங்கேயே இறங்கிக்கொள்வான்.

மைதானத்தில் நானா ஆட்டத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆட்களைத்தான் பார்ப்பார். ரெஃப்ரி கைக்குட்டையால் முகம் துடைத்தால் எதிர் டீமுக்கு சைகை. கரும்புச்சாறு விற்கிறவன் எங்கள் பக்கம் அடிக்கடி வந்தால் உளவு. ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் சுலபமான பந்தைக் கோட்டை விட்டபோது, என் காதருகே குனிந்து சொன்னார்.

"அவன் பொண்டாட்டிக்கு எந்த ஊரு, விசாரிச்சியா?"

"இல்லையே நானா."

"விசாரி. எதிர் டீமோட ஊரு. மாமனார் வீட்டுக்காரன் அடிக்கிற பந்தை எந்த மாப்பிள்ளை தடுப்பான்?"

அந்தக் கோல்கீப்பருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று முருகேசன் விசாரித்து வந்து சொன்னார். "பாத்தியா, அதையும் மறைச்சிருக்கான்" என்றார் நானா.

பிறகு காலம் கெட்டது. அரிசி, எண்ணெய், வாடகை எல்லாம் ஏறின. நம் பர்மாக் காசு ஜாட்டின் மதிப்பு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. பெட்ரோல் வரிசையில் நின்றே மியோவின் பாதி நாள் கழிந்தது. ஊர் கெட்டால் பூட்டு விற்கும் என்று எல்லாரும் நினைத்தோம். நானா தலையாட்டினார். "உள்ள வச்சுப் பூட்ட ஒண்ணும் இல்லாதவன் எதுக்குப்பா பூட்டு வாங்குறான்?" கிளப்புக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, சீசன் டிக்கெட் விலையை ஏற்றினார்கள்.

டீக்கடையில் கூடி, இந்த வருஷம் முடியாது என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். நானா மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு பேரும் எப்படிப்பா ஒரே மாதிரி சொல்றீங்க? என்னைக் கழட்டிவிட்டுட்டுத் தனியா வாங்கப் போறீங்களா?"

அவர் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழிதான் இருந்தது. நாலு பேருமாகச் சேர்ந்து ஒரே ஒரு டிக்கெட் வாங்கினோம். முறை வைத்து ஆட்டத்துக்கு ஒருவர் போவது, போனவர் மறுநாள் டீக்கடைக்கு வந்து மற்ற மூவருக்கும் ஆட்டத்தை விவரிப்பது என்று ஏற்பாடு. அன்றோடு ஆட்டம் பார்ப்பது ஒரு சுகம் என்ற காலம் போய், அது சாட்சி சொல்லும் வேலையாகிவிட்டது.

முருகேசனை நானா குடைந்த குடைச்சல் கொஞ்சமல்ல. ரெண்டாவது பாதியில் வெயில் எந்தப் பக்கம் அடித்தது? கோல்கீப்பர் சட்டை என்ன நிறம்? முருகேசன் பச்சை என்றார். "போன தடவை மஞ்சள். ஏன் மாத்தினான்?" என்று அதற்கும் மேலே போனார். என் முறை வந்தபோது நான் காகிதத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். "எழுதி வச்சு ஒப்பிக்கிறே. யாரு எழுதிக் குடுத்தா?" என்றார்.

மியோ பாவம், இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு மைதானத்தில் தூங்கிப்போனான். அதை அப்படியே சொல்லியும் விட்டான். "தூங்கிட்டேன் நானா. யாபாடே, பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

மியோ எழுந்து போன பிறகு நானா குரலைத் தாழ்த்தினார். "தூங்கிட்டேன்னு ஒருத்தன் தானா ஒத்துக்கிட்டா, அதைவிடப் பெருசா என்னமோ மறைக்கிறான்னு அர்த்தம். டிக்கெட்டை வித்திருப்பான்."

ஆனால் நானாவின் முறை வந்தால் டீக்கடையே வாயைப் பிளக்கும். அப்படிச் சொல்வார். ஏழாம் நம்பர்க்காரன் ரெண்டு பேரை ஏமாற்றி, மூன்றாவது ஆளின் காலுக்கு நடுவே பந்தைத் தட்டி, கோல் போட்டதை டீக் கிளாசுகளை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார்கள்.

அப்படி ஒரு வர்ணனைக்கு மறுநாள்தான் மியோ என் ஆபீசுக்கே வந்தான். அவன் வண்டியில் ஏறிய ஒருவர் அதே ஆட்டத்தைப் பார்த்தவராம். "அண்ணே, ஏழாம் நம்பர் ஆடவே இல்லையாம். கால் சுளுக்கி வீட்ல இருந்தானாம்."

நாங்கள் முருகேசனையும் கூப்பிட்டுக்கொண்டோம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டோம். ஆனால் மூவர் மனதிலும் ஒன்றே ஓடியது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன், நம் டிக்கெட்டை விற்றுக் காசு பார்க்கிறாரா? பூட்டு விற்கவில்லை, காலமும் கெட்டது, யாரை நம்புவது? நானாவின் நோய் எங்கள் மூவருக்கும் தொற்றிவிட்டது.

அவருடைய அடுத்த முறையன்று மியோவின் வண்டியில் பதுங்கிப் பின்தொடர்ந்தோம். முருகேசன் முகத்தை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்தார். நானா பஸ்ஸிலிருந்து இறங்கினார். நேராக கேட்டருகே போனார். சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார்.

"இப்ப விப்பாரு பாருங்க" என்றான் மியோ.

விற்கவில்லை. எடுத்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தார். மதிலோரம் இருந்த வெற்றிலை பாக்குக் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே ஆட்டம் ஆரம்பித்துக் கூட்டம் கத்தியது. நானா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளை வரை பொறுத்துப் பார்த்தோம். அதற்கு மேல் முடியாமல் இறங்கிப் போனோம். எங்களைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மூணு பேரும் என் பின்னாடியே வந்தீங்களா?"

"ஆமா நானா" என்றார் முருகேசன், கண்ணாடியைக் கழற்றி.

"இப்பத்தான்பா நீங்க உருப்படுற வழிக்கு வந்திருக்கீங்க" என்று மூவருக்கும் வெற்றிலை மடிக்கச் சொன்னார்.

நான் விடவில்லை. "உள்ளே போகாம இங்கே என்ன பண்றீங்க? அந்த ஏழாம் நம்பர் கதையெல்லாம்?"

"சத்தத்தை வச்சுச் சொன்னேன். அது அவன் கோல் போட்டா வர்ற சத்தம் மாதிரியே இருந்துச்சு."

"போகப் பிடிக்கலைன்னா டிக்கெட்டை எங்ககிட்டயாவது குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா, இவன் ஏன் சும்மா குடுக்கிறான்னு சந்தேகப்பட மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"நான் பட்டிருப்பேன்" என்றார். வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துச் சொன்னார். "முத தடவை உள்ள போனேன் தம்பி. நம்ம சீட்டுல உக்காந்தேன். பக்கத்து மூணும் காலியா கெடந்துச்சு. லைன்ஸ்மேன் கொடியைத் தப்பாத் தூக்கினான். சொல்லலாம்னு திரும்பினா ஆள் இல்லை. அதைத் தனியா வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பாதியிலேயே எந்திரிச்சு வந்துட்டேன்."

மியோ இன்னும் மூன்று ஸ்டூலை இழுத்து நானா பக்கத்தில் வரிசையாகப் போட்டான்.

அந்த சீசன் முடிந்ததும் விலை மறுபடி ஏறியது. இந்தத் தடவை வாதமே நடக்கவில்லை. டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டோம். மிச்சமிருந்த அந்த ஒரு சீட்டும் கைவிட்டுப் போனது. அதற்குப் பதில், எப்போதாவது நாலு பேர் கையிலும் கொஞ்சம் காசு இருக்கும் மாதத்தில், ஒரே ஒரு ஆட்டத்துக்குச் சேர்ந்து போகிறோம். கூரையில்லாத எதிர்ப்பக்கம், சிமெண்டுப் படி. வெயில் நேராக முகத்தில் அடிக்கும்.

போன ஆட்டத்தில் நானா கையைப் புருவத்தில் வைத்து, மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிழலில் இருக்கும் எங்கள் பழைய வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம சீட்டுல உக்காந்திருக்கான் பாரு ஒருத்தன். கோல் விழுந்தும் கை தட்டலை. ஓசி டிக்கெட்டு."

கோல் விழுந்ததா என்று நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். எனக்குத் தெரியவே இல்லை. இப்போதெல்லாம் மைதானத்துக்குப் போனால் பந்தைப் பார்ப்பதையே மறந்துவிடுகிறேன். நானா அடுத்து யாரைச் சந்தேகப்படப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.