பாலத்தை முதலில் கடந்தவள் ரெஜீனா

அன்புத் தங்கை இயோலாந்தாவுக்கு, சொர்பெல்லோவிலிருந்து அக்கா செலிந்தா எழுதுவது. நானும் கோழிகளும் சுகம். பெல்ஜியத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பாலத் திறப்பு விழாவைப் பற்றிப் போனில் பாதிதான் சொன்னேன், முழுவதையும் இதில் எழுதுகிறேன். அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு ஒருவரும் நான் பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது. மூவர்ணப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்த்தலைவர் ஒத்தொரீனோ. பங்குச்சாமியார் தோன் ஜெர்வாசியோ. காப்பிக்கடை ஈவோ. துரீன் பட்டணத்திலிருந்து பேருந்தில் வந்த, பழைய பாலம் பார்க்கும் கூட்டம். அவர்களை ஓட்டிக்கொண்டு வந்த வழிகாட்டிப் பெண் லவீனியா. எதிர்வீட்டு எர்சிலியா. நான். என் ஆடு ரெஜீனா.

அந்தக் கூட்டத்துக்கு நம் பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் இறங்கத்தான் நேரம். நிலநடுக்கத்தில் நம் பாலம் விரிசல் விட்ட நாளிலிருந்து அவர்கள் மொந்தேஃபோஸ்கோவுக்குத்தான் போகிறார்கள். அங்கே என்ன இருக்கிறது? உயரத் தூண்மேல் ஒரு வாய்க்கால், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, பல்லிதான் ஓடுகிறது. நம் பாலத்திலோ கீழே ஆறும் ஓடுகிறது, மேலே ஆளும் போகிறான். அன்று அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கோடை முழுக்க சனிக்கிழமைதோறும் பேருந்து வரும், பிடிக்காவிட்டால் கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ஈவோ என்னிடம் சொல்லியிருந்தான். அந்தக் கடையும் போனால் நாங்கள் எங்கே உட்கார்ந்து சண்டை போடுவது?

வளைவைக் கட்டிக்கொடுத்த பிசாசு, முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டதும், கல்லை மாற்றி அடுக்கும்போதெல்லாம் அந்தக் கூலி மறுபடி பாக்கியாவதும் உனக்குத் தெரியும். மேஸ்திரிகளும் இந்தப் பக்கத்து ஆட்கள், சாரப் பலகையில் நடந்தார்களே தவிர ஒருவன் கல்மேல் கால் வைக்கவில்லை. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பஞ்சாயத்தில் பேசிய ஒத்தொரீனோ நாடாவை வெட்டினார், வெட்டிய இடத்திலேயே நின்றார். சாமியார் முன்னால் போகட்டும் என்றார். மேய்ப்பன் மந்தைக்குப் பின்னால்தான் வருவான் என்று தோன் ஜெர்வாசியோ இன்னொரு ஜெபத்தை ஆரம்பித்தார், அது முடிந்ததும் இன்னொன்று. அப்புறம் ஒத்தொரீனோ வெட்கமில்லாமல், விருந்தாளிகள்தான் முதலில் என்று லவீனியாவுக்குக் கையை நீட்டினார், அவள் பாவம் சிரித்துக்கொண்டே காலெடுத்து வைக்கப் போனாள், சாமியார் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் முகம் மாறிவிட்டது.

"பாலம் பலமா இருக்கா இல்லையா? நீங்களே ஏற மாட்டேங்கிறீங்களே" என்றாள்.

பேருந்துக்காரன் வண்டியைக் கிளப்பினான். மொந்தேஃபோஸ்கோவில் சாப்பாடு தயாராயிருக்கும் என்று கூட்டம் திரும்பிற்று. ஈவோ துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நான் விடுவேனா? ஓடிப்போய்த் தொழுவத்திலிருந்து ரெஜீனாவைப் பிடித்துவந்து பாலத்தில் ஏற்றிவிட்டேன். அவள் ராணி மாதிரி உச்சி வரைக்கும் ஏறினாள், அங்கே நின்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரோட ஆடு? நடுவுல நின்னு எல்லாரும் நம்மளப் பாக்குறாங்களான்னு பாக்குது பாரு" என்றாள் எர்சிலியா, என் காதில் விழும்படி.

அந்த நேரம் காற்றில் நாடாத் துண்டு பறந்து அக்கரையில் விழுந்தது. ரெஜீனா அதைத் துரத்திப் போய்ச் சேர்ந்து, பச்சையையும் வெள்ளையையும் சிவப்பையும் நின்று நிதானமாகத் தின்றாள். உடனே பார்க்க வேண்டுமே, தலைவரும் சாமியாரும் முட்டி மோதிக்கொண்டு ஓடியதை! பேருந்துக் கூட்டம் இறங்கிவந்து கைதட்டியது. இது எத்தனை காலத்துச் சடங்கு என்று லவீனியா கேட்டாள்.

"ரோம் கட்டுறதுக்கு முன்னாலேருந்தும்மா" என்றேன்.

இனிச் சனிக்கிழமைதோறும் வருகிறார்கள், ஆடு இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஊரையும் ஒரு உயிரையும் காப்பாற்றியது நம் தொழுவத்து ஆடு. அதனால் மனம் குளிர்ந்து, என் கல்யாணத்தில் ரொட்டி உப்பவில்லை என்று ஊரெல்லாம் சொன்ன எர்சிலியாவோடு பேசவும் போகிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரால் சிலுவை போடு. மழை ஓயாத அந்த நாட்டில் ஈரத்தலையோடு வெளியே போகாதே.

உன் அக்கா,
செலிந்தா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் எர்சிலியா வீட்டுக்குப் போய்வந்தேன். சாரம் பிரித்த அன்று காலையிலேயே அவள் அக்கரைக்குப் போய்க் கீரை பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். முதலில் கடந்தவள் அவள்தானாம், பிசாசு வந்து கேட்கட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். ரெஜீனா போனது வெறும் நாடாவுக்கு. மூஞ்சிக்கு நேராகச் சொன்னாளே என்று எர்சிலியாவை மன்னித்துவிட்டேன், ரொட்டியையும் சேர்த்து. ஆனால் அவள் அதை விழா முடிந்ததுமே, ஆடு கடந்த கதையோடு சேர்த்துப் போனில் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஒருத்தி, "அக்காகிட்ட சொல்லிடாத, ஆட்டைப் பத்திப் பேசிப் பேசி சந்தோஷமா இருக்கட்டும்" என்றாளாம். அப்புறம் நான் போனில் ஆட்டுக்கதை சொன்னபோது, கடைசிவரை ஒன்றும் தெரியாதவள் மாதிரி "அப்புறம், அக்கா?" என்று கேட்டாள். அவளை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவள் பெயர் இயோலாந்தா.