ரெடியாகாத வண்டி

டக டக டக டக.

கண்ணைத் திறக்கும் முன்பே சத்தம் காதில் விழுந்தது. டீசல் இன்ஜினைக் கிளப்பினால் முதல் அரை நிமிடம் போடுகிற ஆட்டம். எங்கள் தெருவில் அப்படி ஆடக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது. அது ஓடாது.

ஓடாது என்பது நான் வீட்டில் சொல்லி வைத்திருப்பது.

விஷயம் இதுதான். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கக்கூடிய அந்த ஃபோர் வீல் ஜீப்பைப் பழைய இரும்பாக வாங்கிவந்த அன்று மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "ரிப்பேர் பண்ணுங்க, வேணாங்கல. ரெடியானதும் வித்துடணும்." உடனே தலையாட்டினேன். அது ரெடியாகும் என்று அப்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

நான் குளிர்பதனக் கிடங்கில் இரவுமுழுக்க கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்பவன். ஊர் எழும்போது படுப்பேன். நான் எழும்போது ஊர் களைத்துப்போய் வீடு திரும்பிக்கொண்டிருக்கும். இடையில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் எனக்குத் துணை அந்த ஜீப்தான். யாரும் சொல்லித் தரவில்லை. கியர் பாக்ஸைப் பிரித்துக் கற்றேன். திரும்பப் பூட்டியபிறகு கையில் மிஞ்சிய திருகுகளைப் பார்த்து இன்னும் கற்றேன். அப்படியே போயிருந்தால் நிம்மதி. போன மழைக்காலத்தில் அந்த விபரீதம் நடந்தது. வண்டி ரெடியாகிவிட்டது.

அன்றுமுதல் அதை ரெடியாகாமல் பார்த்துக்கொள்வதே என் வேலை. டீசல் வண்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. எண்ணெய்க் குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடும். படுக்கப் போகுமுன் ஃபில்டர் மேலிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்திக் காற்றை உள்ளே விடுவேன். யாராவது செல்ஃப் அடித்துப் பார்த்தால் இழுக்கும், முனகும், கிளம்பாது. மறுபடி ஓட்ட வேண்டுமானால் பம்பைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த வித்தை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரவு வேலையின் அசதியில் மறுபடி கண் அசந்து, திடுக்கிட்டு விழித்து, எழுந்து ஓடினேன். ஷெட்டில் ஜீப் சாதுவாக நின்றது. பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. சக்கரத்தில் ஈரமணல்.

சமையலறை வாசலில் மனைவி.

"என்னங்க, தூங்கலையா?"

"ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"ஜீப் மாதிரி."

"எந்த ஜீப்?"

"நம்ம ஜீப் மாதிரி."

"நம்மது ஓடாதே."

"ஓடாதுதான்."

"அப்ப கனவு. போய் மீதியையும் பாருங்க."

போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. 'வண்டியை எப்படி ஓட்டினாய்' என்று கேட்டால், 'அப்ப ரெடிதானே, வித்துடலாமா' என்பாள். கேட்காமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் வாய்க்கு நானே போட்ட பூட்டு. சாவி அவளிடம்.

மறுநாள் காலை ஒரு முடிவுக்கு வந்தேன். இனி காற்றாவது, கூத்தாவது! டாங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயையே முழுசாகக் கழற்றினேன். போன மாதம் மாட்டிய புத்தம்புதுக் குழாய். துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் தலையை வைத்துப் படுத்தேன். படுக்கையெல்லாம் டீசல் நாற்றம். எனக்கு அது தாலாட்டு.

டக டக டக டக.

தலையணையைத் தூக்கினேன். குழாய் இருந்தது. வாசலுக்குப் பாய்ந்தேன். ஷெட்டில் ஜீப் இல்லை.

கையில் குழாயோடு வாசலிலேயே நின்றேன். வெயில் ஏறிய பிறகு ஜீப் தெருமுனையில் திரும்பியது. ஓட்டியது என் மனைவி. பக்கத்தில் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா, மடியில் மருந்துப் பெட்டி.

"தம்பி! ஆத்து மணல்ல பஸ்காரன் இறங்கவே மாட்டேங்கறான். உங்க வீட்டம்மா முன்சக்கரத்தையும் சேர்த்துவிட்டாங்க பாருங்க, சும்மா தூக்கிட்டு வந்துடுச்சு! இவங்க இல்லேன்னா அக்கரை நோயாளிங்களை நான் பார்க்கவே முடியாது" என்று சொல்லிக்கொண்டே அக்கா இறங்கிப் போனாள்.

மனைவி சாவியைச் சுழற்றியபடி என் கையைப் பார்த்தாள்.

"என்னங்க அது, குழாய்?"

"லீக்... ஒட்டலாம்னு கழட்டினேன். இது இல்லாம எப்படி..."

"மாத்தினீங்களே பழைய குழாய், அதைத் தூக்கிப்போட மனசு வராம கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கீங்கல்ல. நீங்க குறட்டை விடும்போது குனிஞ்சு எடுத்தேன். அதுல ஒரு பழுதும் இல்லீங்க. எதுக்கு மாத்தினீங்க?"

வேலை இருப்பதுபோல் காட்டத்தான் மாற்றினேன். அதைச் சொல்லாமல் பேச்சைத் திருப்பினேன்.

"காத்து எடுக்க யார் சொல்லிக் கொடுத்தா?"

"ஜன்னல்லேர்ந்து எத்தனை வருஷமா பாக்கறேன்! நீங்க திட்டிக்கிட்டே பண்றீங்க. திட்டாம பண்ணா சீக்கிரம் முடியுது."

இன்ஜின் சூடு ஆறும்போது டிக் டிக் என்றது. கேட்டுவிடுவது என்று துணிந்தேன்.

"அப்ப... வித்துடலாங்கறியா?"

"ஏன்? ரெடியாயிடுச்சா?"

அவள் முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை.

"இல்ல," என்றேன். "இன்னும் ஆகல."

"அதானே. பிரேக் வேற இடது பக்கமா இழுக்குது. சாயங்காலம் பாருங்க. காலையில எனக்கு வேணும்."

பிழைத்தது வண்டி. பெருமூச்சு விட்டேன். அந்தத் தெம்பில் கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை நானே ஒரு சுத்து ஓட்டிட்டு வரேன். ஆத்துப்பக்கம்."

"ஐயோ, வேணாங்க! ரெடியாகாத வண்டியை உங்களை நம்பி எப்படிக் கொடுக்கறது? பக்கத்துல உக்காருங்க, கூட்டிட்டுப் போறேன்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதியில் விட்டுப்போயிருந்த துணி வாளியிடம் போனாள். ஈரப் போர்வையை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். குழாயைக் கீழே வைத்துவிட்டுப் பிழிய ஆரம்பித்தேன்.