மீந்த மருந்து மாமா

வெள்ளைக்காரன் காலத்துக் கல்கத்தாவில் விற்ற மருந்துகளில், எங்கள் மாத்திரை மாமாவின் தொண்டையைப் பார்க்காத மருந்து ஒன்றுகூட இருந்திருக்காது. இத்தனைக்கும் அவருக்கு வியாதி என்று எதுவும் கிடையாது!

லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் மெஸ். அங்கே யாராவது ஜுரம் விட்டு எழுந்தால் போதும், மாமா கையை நீட்டிவிடுவார். "பாக்கி இருக்கா ஓய்? குடும், வீணாப் போகப்படாது." என் மலேரியாவுக்கு வாங்கிய கொயினாவில் மீந்ததை அவர்தான் முடித்துவைத்தார். சமையல்காரச் சங்கரனின் பேதி மருந்தையும் விடவில்லை. அன்றைக்கு மட்டும் ஆபீஸ் போகவில்லை.

மாடி அறை ஹெட் கிளார்க் பெஹாலாவுக்குக் குடிபோனபோது, தன் மூட்டுவலி மாத்திரையில் முக்கால் புட்டியை விட்டுவிட்டுப் போனார். மாமாவுக்குத் தீபாவளி.

"உங்களுக்குத்தான் மூட்டுவலியே இல்லையே மாமா?"

"வராம இருக்கே, எதனாலங்கறீர்?"



புட்டி காலியாகிற சமயத்தில் மாமாவின் கண் மஞ்சளாகிவிட்டது. சங்கரன், சாம்பாரில் மஞ்சள் கூடிப்போனதோ என்று பயந்து, வெள்ளைவெளேரென்று ஒரு சாம்பார் வைத்தான். மாமாவோ, "விளக்கை மாத்துங்கோ, வெளிச்சம் சரியில்லை" என்றார். அப்புறம் சோறு இறங்கவில்லை. எழுந்து உட்காரவும் முடியவில்லை.

வங்காளி டாக்டர் வந்து ஈரலை அமுக்கிப் பார்த்தார். "என்ன மருந்து சாப்பிட்டார்?"

"யாருடைய மருந்தைக் கேட்கிறீர்கள், டாக்டர் பாபு?" என்றேன். அவரும் குழம்பிப்போனார். காலிப் புட்டியைப் பார்த்த பிறகுதான் தெளிந்தார். மாத்திரையை ஈரல் உடைக்குமாம். சிலர் உடம்பில் அந்தத் துண்டுகளே விஷமாகி, உடைத்த ஈரலையே அரிக்குமாம். இனி ஒரு மாத்திரை உள்ளே போனாலும் ஆள் பிழைப்பது சந்தேகம் என்றார்.

மாமாவிடம் தமிழில் சொன்னேன்.

"உடைச்சது யாரு?"

"உங்க ஈரல்."

"நான் முழுசாத்தானே முழுங்கினேன்! அதை யாரு உடைக்கச் சொன்னா? சரி, போனாப் போறது. அந்த ஈரலுக்கு ஒரு மருந்து வாங்கிண்டு வாரும்."

கொடுக்கவில்லை. மாமா குழந்தைமாதிரி அழுதார். "ஒண்ணுமே குடுக்காட்டா எப்படி ஓய் பொழைப்பேன்?" மோர்சாதமும் கரும்புச்சாறுமாக ஊட்டி, ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தோம். மெள்ள மெள்ளக் கண் வெளுத்தது.

எழுந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் சௌக்கியம் மாமா" என்றான் சங்கரன், கொதிக்கிற ஜுரத்தோடு.

அதற்கப்புறம் மாமா இருந்தவரை, அவருக்குத் தெரிந்து, எங்கள் மெஸ்ஸில் ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.